நாலாவது கட்டம்

எங்கள் பெயிண்ட் கடைக்கு வருகிறவர்களிடம் ஷேடக்கா முதலில் கேட்பது, "எந்த ரூமுக்கு?" அடுத்துக் கேட்பது, "அங்க என்ன பல்பு?" இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாமல் "நல்ல கலரா ஒண்ணு குடுங்க" என்று நிற்பவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள். கலந்த பெயிண்டில் ஒரு சொட்டை டப்பா மூடியில் தொட்டு வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடப்பாள். வாங்க வந்தவரும் பின்னாலேயே ஓட வேண்டும்.

"கடைக்குள்ள வெச்சுப் பாத்தா எல்லாம் நல்ல கலர்தான். வெயிலுக்கு வாங்க, அப்பத்தான் அதோட யோக்கியதை தெரியும்."

இருபத்தாறு வருஷமாக இதே நடை. கலக்கும் மெஷினிலிருந்து வாசல் வரைக்கும் தரை தேய்ந்திருக்கிறது என்று நான் சொன்னால் முதலாளி நம்புவதில்லை. குனிந்து பார்த்தால்தானே தெரியும்?

நான் அவளுக்கு எதிர் மேஜை. பதினான்கு வருஷமாக டப்பா எடுத்துக் கொடுக்கிறேன், இடையிடையே வாயும் கொடுக்கிறேன். அதனால் எனக்கு அவள் வைத்த பெயர் வாயாடி. ஷேடக்கா என்பது ஊர் அவளுக்கு வைத்த பெயர். அவளுக்கு எல்லாமே நம்பர்தான். தக்காளியைக் கையில் எடுத்தால் பெயிண்ட் நிற அட்டையான ஷேடு கார்டின் நம்பரைச் சொல்லி, இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்பாள். ஒருநாள் காலையில் என் முகத்தைப் பார்த்து, "நேத்தைக்கு ஒரு படி வெளுத்திருக்க, வீட்டுக்குப் போ" என்றாள். சாயங்காலம் எனக்குக் காய்ச்சல்.

இப்படி ஊரார் சுவருக்கெல்லாம் கலர் சொல்கிறவளின் வீட்டு ஹாலில் ஒரு குடும்பப் படம் கிடையாது. இருந்தது ஒன்று. அது மேஜை இழுப்பறையில், பழைய சாவிகளுக்கும் தீர்ந்துபோன பேட்டரிகளுக்கும் அடியில் கிடந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாணம் செய்துகொண்ட அன்று எடுத்த படம். மாப்பிள்ளை பஸ் டிரைவர். முதல் மனைவி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பதினொரு வயதில் ஒரு பெண் இருந்தாள். பதிவு ஆபீஸ் வாசலில் மாப்பிள்ளை, பொண்ணு, கையெழுத்துப் போட்ட நாங்கள் இரண்டு பேர், எல்லாரும் சந்தன நிறத் துணியில் நிற்கிறோம். ஒரு ஜாண் தள்ளி, ஆரஞ்சு நிறத்தில் பள்ளிக்கூடத்து விளையாட்டு பனியன் போட்டுக்கொண்டு அந்தப் பெண். அன்றைக்கு அவளுக்கு என்ன துணி என்று யாரும் யோசிக்கவில்லை. அலமாரியில் மேலே இருந்ததை டிரைவர் எடுத்து மாட்டிவிட்டிருந்தார்.

அந்தப் படம் இரண்டு மாதம் ஹாலில் தொங்கியது. மீட்டர் பார்க்க வருகிறவர் ஒருவர் உண்டு. மீட்டரைப் பார்ப்பதைவிட வீட்டைப் பார்ப்பது அவருக்கு அதிகம் பிடிக்கும். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு ஓரத்துல, பக்கத்து வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். ஆனால் அன்று பள்ளிக்கூடம் லீவு. பெண் உள்ளே அறையில்தான் இருந்தாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டதை ஷேடக்கா பார்த்தாள்.

"கலர் கலந்து சோறு திங்கிறவ நான். அன்னிக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு துணி எடுக்கணும்னு எனக்குத் தோணல பாரு" என்று என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

அந்தப் பெண்ணை வீட்டில் பெரியவள் என்பார்கள். பிறகு ஷேடக்காவுக்கு ஒன்று பிறந்தது, அது சின்னவள், இப்போது ஆறு வயது. பெரியவள் சண்டைக்காரி இல்லை. சொன்ன வேலையைச் செய்வாள், தங்கையைத் தூக்கிக்கொண்டு திரிவாள். ஆனால் இந்த ஒன்பது வருஷத்தில் ஷேடக்காவை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டீ இருக்குங்களா", "அப்பா வந்துட்டாங்க, சொல்லிடுங்க" என்று கூப்பிடாமலேயே பேசிவிடுவாள். அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று ஒருநாள் நான் முதலாளியிடம் முயன்று பார்த்தேன். மதியத்துக்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

இந்த வருஷம் பெரியவள் வெளியூர் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் படிப்பை முடித்தாள். தூரத்தில் வேலை கிடைத்தது. போனால் இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது. அதற்கு முன்னால் நான்கே நாள் வீட்டுக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் ஷேடக்கா கடையில் ஒரு கார்டை எடுத்து மேஜையில் தட்டினாள்.

"படம் எடுக்கணும், வாயாடி. இந்தத் தடவை துணி என் பொறுப்பு. அந்தப் பிள்ளை படத்துல தனியாத் தெரிஞ்சா நான் இந்த வேலையை விட்டுட்டு வேற பொழப்பு பாக்கணும்."

"எல்லாருக்கும் ஒரே கலர்ல எடுத்துட்டா முடிஞ்சுதே அக்கா" என்றேன்.

"ஒரே கலர்ல நின்னா அது குடும்பமா, பேண்டு வாத்தியமா?"

அவள் திட்டம் இது. ஷேடு கார்டில் ஒரு நிறத்துக்கு ஒரு பட்டை, பட்டைக்கு ஐந்து கட்டம். மேல் கட்டம் வெளிறியது, கீழே போகப் போக அழுத்தம். சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்தாள். முதல் கட்டம் சின்னவளின் கவுனுக்கு. ஐந்தாவது டிரைவரின் சட்டைக்கு. நாலாவது பெரியவளுக்கு.

"உங்களுக்கு அப்ப மூணாவதா?"

"எனக்கும் நாலு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல், டப்பாவின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். "ரெண்டு பேரும் ஒரே கட்டத்துல இருந்தா என்ன, குடியா முழுகிடும்?"

துணிக்கடையில் அவளோடு நான் பட்ட பாட்டைச் சொன்னால் பொழுது போய்விடும். ஒரே ஆலைத் துணியாக மூன்று நிறம் கிடைக்கும்வரை விடவில்லை. ஒவ்வொரு துணியும் கடையின் வாசலுக்குப் போய் வெயில் பார்த்துவிட்டு வந்தது. விற்பனைக்காரப் பெண் கடைசியில் தானே துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட ஆரம்பித்துவிட்டாள்.

பெரியவளின் துணிதான் சிக்கல். அளவு தெரியாது. அவள் ரசனைக்கு நாம் எடுத்து நீட்டினால் மூக்கை நுழைத்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஷேடக்கா முடிவு செய்தாள். போனில் படம் அனுப்பினால் நிறம் பொய் சொல்லும். அதனால் கார்டிலிருந்து அந்தப் பட்டையையே வெட்டி உறையில் போட்டுத் தபாலில் அனுப்பினாள். கூட ஒரு சீட்டு. அந்தச் சீட்டை எழுத ஒரு மதியம் முழுக்க ஆனது. என்ன என்று கூப்பிட்டு ஆரம்பிப்பது, என்ன என்று போட்டு முடிப்பது என்று இரண்டும் தெரியவில்லை. கடைசியில் இரண்டும் இல்லாமல், "நாலாவது கட்டம் உனக்கு. பிடிக்கலன்னா பரவாயில்ல" என்று மட்டும் போனது.

ஐந்தாம் நாள் போனில் பதில் வந்தது. ஒரு கட்டை விரல் படம்.

"இது சரின்னு அர்த்தமா, சரி சரி விடுன்னு அர்த்தமா?" என்று போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். நான் சரி என்றுதான் அர்த்தம் என்றேன். அவள் நம்பவில்லை. தன் துணி வாங்கிய அதே சுருளிலிருந்து இன்னொரு துண்டு வாங்கி, குத்துமதிப்பான அளவில் ஒரு சுடிதார் தைத்து, மடித்து, என் பையில் திணித்தாள்.

"அவ வேற கலர்ல வந்து நின்னா பாத்துக்கலாம். இது நமக்குள்ள இருக்கட்டும். அவருக்குக்கூடத் தெரியாது."

பெரியவள் வந்தாள். முதல் நாள் முழுக்கத் துணியைப் பற்றி அவளும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் நாலு தடவை போன் வந்தது. கேக்கட்டுமா, வேணாமா. வேணாமா, கேக்கட்டுமா.

மறுநாள் காலையில் சின்னவளுக்குத் தலை பின்னிவிட நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அறைக் கதவு திறந்தது. பெரியவள் சாம்பல் பச்சையில் ஒரு சுடிதார் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஷேடக்கா பார்த்தாள். ஒன்றும் பேசாமல், பழக்க தோஷத்தில், விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். வாங்க என்று கூப்பிடக்கூட இல்லை. பெரியவள் பின்னாலேயே போய் வெயிலில் நின்று கையை நீட்டினாள். புதுத் துணியில் இருந்த ஷேடக்கா தன் துணியின் கையைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கையும் ஒரே நிறம்.

"நீங்களும் நாலா?" என்றாள் பெரியவள்.

"ம்" என்றாள் இவள்.

 ஷேடக்கா திரும்பி வரும்போது வாசல்படியில் இரண்டு முறை ஏறினாள், முதல் முறை ஏறியது நினைவில்லாமல். என் பையில் இருந்த மாற்றுத் துணிக்கு இனி வேலை இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போட்டோ ஸ்டூடியோ எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி. அதன் சொந்தக்காரருக்குக் கடைத்தெருவில் பெயர் 'சிரிங்க சார்'. எல்லாரையும் சிரிங்க சிரிங்க என்பார், அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்று காலையில்தான் ஸ்டூடியோ கதவு நிலைக்கு வெள்ளை அடித்திருந்தார். பெயிண்ட் எங்கள் கடையது, முந்தின நாள் ஷேடக்கா கையால் கலந்தது.

"நிலையில படாம வாங்க" என்றார் அவர்.

"காய ஆறு மணி நேரம் ஆகும். ஏங்க, உங்களுக்குத்தான் சொல்றேன்" என்றாள் ஷேடக்கா டிரைவரிடம். உள்ளே போவதற்குள் மூன்று தடவை சொன்னாள். டிரைவர் ஊரில் உள்ள பஸ்ஸையெல்லாம் உரசாமல் சந்துக்குள் ஓட்டுகிறவர். அவருக்குக் கோபம்.

உள்ளே திரை, ஸ்டூல், ஆளுயரக் கண்ணாடி, இரண்டு பெரிய விளக்குகள். நால்வரும் வரிசையாக நின்றார்கள். சிரிங்க சார் விளக்கைப் போட்டார். போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாரும் ஒரு தினுசா இருக்கீங்க. பெரிய பொண்ணு மட்டும் வேற கலரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியில் பார்த்தோம். அந்த ஆளின் வாயை அடைக்க முடியவில்லை, அவர் சொன்னது உண்மை. மூன்று பேரும் சாம்பல் பச்சையில் இருந்தார்கள். பெரியவளின் உடுப்பு டீ கொட்டின மாதிரி பழுப்பாக நின்றது. அதே ஓரம். அதே ஒரு ஜாண்.

பெரியவள் கண்ணாடியையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"நான் சரியாத்தான் பாத்தேன்" என்றாள். "நாலு கடை ஏறினேன். ஒவ்வொரு துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய், அந்த அட்டையை மேல வெச்சு, வெயில்லதான் பாத்தேன். ஒரு கடையில நான் துணியைத் தூக்கிட்டு ஓடுறேன்னு கத்த ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க பாப்பீங்கல்ல, அதே மாதிரிதான் பாத்தேன். எப்படி மாறுச்சுன்னு எனக்குத் தெரியல."

  அந்தக் கட்டை விரலுக்குப் பின்னால் நாலு கடை இருந்திருக்கிறது. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினொரு வயதிலிருந்து கடைப்பக்கம் வரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

என் கை தானாகப் பைக்குள் போனது. மாற்றுத் துணி தயாராக இருக்கிறது, ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம், படம் பொருந்திவிடும். ஜிப்பைப் பாதி திறந்திருப்பேன். ஷேடக்காவின் செருப்புக் கால் என் பாதத்தின் மேல் ஏறி அழுத்தியது. சாதாரண அழுத்தம் இல்லை. இரண்டு நாள் நொண்டினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, பெரியவளைத்தான் பார்த்தாள்.

"உன் கண்ணுல தப்பில்ல. நீ எடுத்தது நாலாவது கட்டமேதான்" என்றாள். பிறகு கேமராக்காரர் பக்கம் திரும்பி, இருபத்தாறு வருஷமாக ஊரையெல்லாம் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"சார், அங்க என்ன பல்பு?"

"பழைய மஞ்ச பல்புதாம்மா. ஏன்?"

ஷேடக்கா பளாரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வர்றவங்க எல்லாரையும் கேப்பேன். என் வீட்டுப் படத்துக்குக் கேக்க மறந்துட்டேன் பாரு! எங்க மூணு பேர் துணியும் ஒரே ஆலைச் சாயம். மஞ்ச வெளிச்சத்துல மூணும் சேந்து மாறுது, அதனால தெரியல. இவ துணி வேற சாயம். வெயில்ல ரெண்டும் ஒண்ணு, இந்த விளக்குல வேற வேற. இது என் தப்பு, இவ தப்பில்ல. எல்லாரும் வெளிய வாங்க, வெயில்ல எடுப்போம்."

"வெளியவா? அங்க சைக்கிள் ஸ்டாண்டுதாம்மா இருக்கு" என்றார் சிரிங்க சார்.

"இருந்துட்டுப் போகட்டும். சைக்கிளும் சிரிக்கட்டும்."

பெரியவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். சின்னவள் ஏன் என்று தெரியாமலே குதித்தாள். நான் ஜிப்பை மூடினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் டிரைவருக்கு உற்சாகம் பொங்கியது. சின்னவள் ஏறி நிற்க வேண்டுமே என்று ஸ்டூலைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கதவு குறுகலாக இருக்கிறது என்று பக்கவாட்டில் திரும்பி, நிலையை முன்பக்கம் முழுக்கத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். கழுத்திலிருந்து தொப்பை வரை பட்டையாக வெள்ளை.



"ஆறு மணி நேரம்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் ஷேடக்கா.

"மூணு தடவ சொன்ன" என்றார் அவர், மிகவும் பணிவாக.

மாற்றுச் சட்டை கிடையாது. வீட்டுக்குப் போய் வந்தால் வெயில் இறங்கிவிடும். சிரிங்க சார் உள்ளே போய், பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களுக்காக ஆணியில் தொங்கும் கறுப்புக் கோட்டைக் கொண்டுவந்தார். ஊரில் பாதிப் பேர் போட்டுக் கழற்றியது. காலரில் எல்லார் கழுத்துப் பவுடரும் இருந்தது. டிரைவருக்குக் கோட்டின் கை முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. பட்டனைப் போட்டதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு வேறு யாரோ மாதிரி விறைத்து நின்றார். கை தெரியாமல் இருக்க அவரை ஓரத்துக்குத் தள்ளினார்கள்.

சைக்கிள்களுக்கு முன்னால், பளிச்சென்ற வெயிலில், சின்னவள் ஸ்டூலில். பெரியவளும் ஷேடக்காவும் பக்கத்தில் பக்கத்தில். நெருங்கி நில்லுங்க என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அந்த ஒரு ஜாண் காணவில்லை. இந்தக் கை எங்கே முடிகிறது, அந்தக் கை எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. சிரிங்க சார் அன்று சிரிங்க என்று சொல்லவில்லை. டிரைவரின் கோட்டைப் பார்த்து அவரே சிரித்துக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் சொன்னால் இன்றுவரை யாரும் நம்புவதில்லை.

பெரியவள் கிளம்பும் நாள் காலையில் படம் சட்டத்தோடு வந்தது. ஆணி அடிக்க நான்தான் ஏணியில் ஏறினேன். டிரைவர் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். ஷேடக்கா சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி வைத்த மாதிரி மீட்டர்காரர் வந்தார். பெரியவள் கதவைத் திறந்தாள். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, நேராகப் படத்துக்கு வந்தார். பகலில் வருகிற மனிதர், இத்தனை வருஷத்தில் டிரைவரை நேரில் கண்டதில்லை.

"அட, புதுப் படம்! அம்மாவும் பொண்ணுங்களும் நல்லா விழுந்திருக்கீங்க" என்றார். பிறகு விரலை நீட்டினார். "இது யாரு ஓரத்துல, கோட்டு போட்டுக்கிட்டு? பக்கத்து வீட்டுக்காரரா?"

நான் சுத்தியலைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். சமையலறையில் கரண்டி சத்தம் நின்றது.

பெரியவள் படத்தைப் பார்த்தாள், மீட்டர்காரரைப் பார்த்தாள்.

"எங்கப்பாங்க அது" என்றாள். "சேக்க வேணாம்னுதான் அம்மா சொன்னாங்க. நான்தான், பாவம் போகட்டும்னு ஓரமா நிக்க வெச்சேன்."

மீட்டர்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரியவளும் சிரித்தாள். தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் திரும்பி, படம் கோணலாக இருக்கிறது, இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்கள் என்று எனக்கு வேலை சொன்னாள்.

ஷேடக்கா தட்டோடு வந்தாள். முகம் சிவந்திருந்தது. என்ன நம்பர் என்று கேட்காதீர்கள், அது எனக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் டீயைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்கே திரும்பிப் போய், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாற்றுச் சுடிதார் இப்போது என்னுடையது, கை கொஞ்சம் இறுக்கம்.

டீயில் சர்க்கரை இரண்டு தடவை விழுந்திருந்தது. மீட்டர்காரர் உட்பட யாரும் ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தோம்.